கணுவும் தணலும்: மூங்கில் அம்பு செய்யும் விதம்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு கத்தி, கொஞ்சம் தணல், சிறிது நூல், ஓரிரு பறவை இறகுகள் ஆகியவற்றை மட்டும் கொண்டு மூங்கில் அம்பைக் கையாலேயே செய்யும் விதத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அம்பு என்றதும் நம் எண்ணம் அதன் கூர்முனைக்கே போகிறது. செய்பவருக்கோ பாதிக்கும் மேலான வேலை, தண்டை நிமிர்த்துவதில்தான் இருக்கிறது.

ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய மூங்கில் கழிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஆண்டு முளைத்த இளங்கழி உலரும்போது சுருங்கி நெளிந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று ஆண்டு முற்றியதே உதவும். வெட்டிய கழிகளைக் கட்டாக இறுக்கிக் கட்டி நிழலில் சில வாரங்கள் உலரவிட வேண்டும். கடும் வெயிலில் போட்டால் வெடித்துவிடும். மூங்கிலின் வலுவான நார்கள் புறத்தோலை ஒட்டியே நெருக்கமாக அமைந்திருப்பதால், கணுக்களில் புடைத்திருக்கும் மேட்டை மட்டும் சீவிவிட்டு, மற்ற இடங்களில் தோலைத் தொடாமல் விடுவதே நல்லது. வழவழப்பாக்கும் ஆசையில் தோல் முழுவதையும் சுரண்டிவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்வைக்கு அழகாக இருக்கும் அந்தத் தண்டுகள் விரைவில் முறிந்துவிடுகின்றன.

இனி நிமிர்த்தும் வேலை. தண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நோக்கினால் வளைவு எங்கே இருக்கிறது என்பது தெரியும். பெரும்பாலும் அது கணுவில்தான் இருக்கும். அந்த இடத்தைத் தணலுக்கு மேலே, தீ நாக்கு படாதவாறு, சுழற்றிக்கொண்டே சூடாக்க வேண்டும். சூட்டில் நார்களைப் பிணைத்திருக்கும் பொருள் இளகுவதால் தண்டு கைக்கு வளைந்துகொடுக்கும். அப்போது எதிர்ப்பக்கமாக, தேவையைவிட ஒரு மயிரிழை கூடுதலாக வளைத்து, ஆறும்வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். சூடு ஆறுவதற்கு முன் கையை எடுத்தால் பழைய வளைவு திரும்பிவிடும். கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்றும் ஈரமும் அதிகச் சூட்டில் பட்டென்று வெடிக்கக்கூடும் என்பதால், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகச் சூடாக்குவதே முறை.

காடியை, அதாவது நாண் அமரும் சிறு பள்ளத்தை, பருமன் குறைந்த நுனிப்பக்கத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுப் பின்னால் வெட்ட வேண்டும். நாண் தள்ளும்போது அங்கே பிளவு தொடங்கினாலும் கணு அதைத் தடுத்து நிறுத்தும். காடிக்கு அடியில் நூலை இறுக்கிச் சுற்றிவிட்டால் இன்னும் பாதுகாப்பு. பருத்த அடிப்பக்கம் முன்னால் வருவதால் எடையும் முன்பக்கம் சாய்கிறது. அம்பு நேராகப் பறக்க அது அவசியம். அந்தப் பக்கத்தின் உள்துளையில், தீயில் வாட்டிக் கடினமாக்கிய மரக்கூர் ஒன்றைச் செருகிக் கட்டினால் எளிய முனை ஆயிற்று.

இறகுகளை நடுத்தண்டு வழியே பிளந்து, மூன்று துண்டுகளைக் காடிப்பக்கத்தில் தண்டைச் சுற்றிச் சம இடைவெளியில் வைத்து, அத்துண்டுகளின் இரு முனைகளையும் நூலால் கட்ட வேண்டும். பறவையின் இடச்சிறகு இறகும் வலச்சிறகு இறகும் எதிரெதிராக வளைந்திருப்பவை. ஆகவே ஓர் அம்புக்கு ஒரே பக்கத்துச் சிறகின் இறகுகளே பொருந்தும்.

எய்தவுடன் தண்டு மீன்போல நெளிந்து வில்லின் உடலைச் சுற்றிக் கடக்கிறது. அதனால் வில்லின் வலுவுக்கு ஏற்ற விறைப்பு தண்டுக்கு இருக்க வேண்டும். வில்லின் இடப்புறம் அம்பை வைத்து வலக்கையால் நாணை இழுப்பவருக்கு, விறைப்பு மிகுந்த தண்டு இடப்பக்கமும், தளர்ந்த தண்டு வலப்பக்கமும் விலகும். நீளம் கூடினால் தளர்வும் கூடும். ஆகவே முதலில் சற்று நீளமாகவே விட்டு, எய்து பார்த்து, பிறகு சிறிது சிறிதாகக் குறைப்பதே அறிவுடைமை.

ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் தண்டைக் காதருகே பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். சிறிதாக 'கிறீச்' என்று ஒலித்தாலும் அதை ஒடித்துத் தணலில் போட்டுவிடுங்கள். நாணில் முறியும் மூங்கிலின் சிராய் வில் பிடித்த கையைத்தான் முதலில் கிழிக்கும்.