சரடோகாவில் ஒரு பந்தய நாள்

தலைவர் அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கா போய் வந்தவர்களை மேடை ஏற்றினால் நயாகராவில் தொடங்கி சுதந்திர தேவி சிலையில் முடிப்பார்கள். நான் குதிரைப் பந்தயம் பற்றிப் பேசுகிறேன் என்றதும் நம் செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ரேஸுக்குப் போகிறவர் வீட்டில் சம்பந்தம் பேசவே யோசித்த ஊர் இது. ஆனால் நான் போன இடத்தில் பாட்டிமார் மடக்கு நாற்காலியோடும் தாய்மார் கைக்குழந்தையோடும் வந்திருந்தார்கள்.

இடம் சரடோகா ஸ்பிரிங்ஸ். நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனியிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர். மகள் ஆல்பனியில் இருக்கிறாள். கோடை வந்தால் அங்கே அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் இதே பேச்சு.

கனிம ஊற்று நீருக்குப் பேர்போன ஊர். 1863 ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து ஒரு மாதத்தில் இங்கே பந்தயம் தொடங்கிவிட்டார்கள். தொடங்கியவர் ஜான் மாரிசி. அயர்லாந்தில் பிறந்தவர், குத்துச்சண்டை வீரர், சூதாட்ட விடுதி நடத்தியவர், அப்புறம் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். இந்த வரிசை நமக்கு ஒன்றும் புதிதல்ல!

மைதானத்துக்குப் பின்னால் பெரிய மரத்தோப்பு. மரப் பலகை மேசைகள் போட்டிருக்கிறார்கள். முந்துகிறவருக்கே மேசை. காலையில் கதவு திறந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போய் மேசை மேல் விரிப்பைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். அன்றைய முதல் பந்தயம் அதுதான். சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. நாங்கள் புளியோதரையும் வடகமும் பிரித்தோம். பக்கத்து மேசைக்காரர் வடகத்தை வாங்கிக்கொண்டு, மூன்றாம் பந்தயத்தில் எந்தக் குதிரை வரும் என்று ரகசியம் சொன்னார். அது வரவில்லை. தோப்பிலேயே ஓர் ஊற்றும் இருக்கிறது, இலவசத் தண்ணீர். உப்பும் இரும்பும் கலந்த அந்தச் சுவையை ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் 17 நிமிடம் முன்னால் ஒருவர் கையால் மணி அடிக்கிறார். ஜாக்கிகளுக்கான அழைப்பு அது. குதிரைகளோ லாயத்திலிருந்து இந்தத் தோப்பு வழியாகவே, கூட்டத்துக்கு நடுவே நடந்து வருகின்றன. ஒரு பழுப்புக் குதிரை கை எட்டும் தூரத்தில் என்னைக் கடந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நாக்கை ஒரு துணிப்பட்டையால் கீழ்த்தாடையோடு கட்டியிருந்தார்கள். ஓடும்போது நாக்கு பின்னால் போய் மூச்சை அடைக்காமலிருக்க அப்படிச் செய்வார்களாம். பின்னங்கால்களுக்கு இடையே வெள்ளையாக வியர்வை நுரை. வேலியோரம் இருந்த முதியவர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, கையிலிருந்த தாளில் அந்தப் பெயரை அடித்தார். ஓடுமுன்பே பதற்றத்தில் பலத்தைச் செலவழிக்கிற குதிரை என்பது அவர் கணக்கு.

இந்த மாதிரி ஆயிரம் பேரின் கணக்கு சேர்ந்ததுதான் அங்கே பலகையில் மின்னும் எண்கள், அதாவது எந்தக் குதிரை ஜெயித்தால் டாலருக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற விலை. பலர் நினைப்பதுபோல மைதானக்காரர் அந்த விலையை வைப்பதில்லை. எல்லோர் பணமும் ஒரே உண்டியலில் விழும். வெற்றிக்குக் கட்டிய பணம் ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 160 போல நடத்துகிறவர்களும் அரசும் எடுத்துக்கொள்ள, மிச்சம் 840. ஜெயித்த குதிரை மேல் 200 டாலர்தான் கட்டியிருந்தார்கள் என்றால் டாலருக்கு நான்கு டாலர் இருபது சென்ட். 1860-களில் பாரிஸில் ஜோசப் ஒல்லர் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆக, நீங்கள் மோதுவது வடகம் வாங்கிய பக்கத்து மேசைக்காரரோடு. எனக்கு இது தெரிந்த பிறகுதான் பந்தயம் சுவாரசியமாயிற்று.

அத்தனை பேர் கணக்கும் தவறுகிற இடம் என்றும் சரடோகாவுக்குப் பெயர் உண்டு. மேன் ஓ' வார் என்ற குதிரை 21 பந்தயம் ஓடி 20-ல் ஜெயித்தது. தோற்ற ஒன்று இங்கே, 1919 ஆகஸ்ட் 13-ல். குதிரைகளை வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் திறந்துவிடும் கதவுப்பெட்டிகள் வராத காலம், குறுக்கே கட்டிய நாடா எழும்பியபோது மேன் ஓ' வார் சரியாக நிற்கவே இல்லை. 1930-ல் மும்முடி, அதாவது அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற காலன்ட் ஃபாக்ஸை, ஜிம் டாண்டி என்ற குதிரை சேற்றில் வீழ்த்தியது. அதற்கு விலை ஒன்றுக்கு நூறு. புகழ்பெற்ற குதிரையான செக்ரடேரியட்டும் 1973-ல் இங்கேதான் ஆனியன் என்ற குதிரையிடம் தோற்றது.

அப்படியானால் இது அதிர்ஷ்டமா, திறமையா? நம் மாநிலம் 1974-ல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் திறமைதான் மேலோங்கி நிற்கிறது என்று தீர்ப்பானது. நியூயார்க்கும் ஒரு காலத்தில் பந்தயப் பணத்துக்குத் தடை போட, சரடோகா 1911, 1912 இரண்டு ஆண்டும் பூட்டிக் கிடந்தது.

என்னைக் கேட்டால் உண்மையான கேள்வி பணத்தைப் பற்றியதல்ல, குதிரையைப் பற்றியது. 2023 ஆகஸ்டில் மேப்பிள் லீஃப் மெல், நியூயார்க் தண்டர் என்ற இரண்டு குதிரைகள், அதுவரை தோற்காதவை, முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோதே எல்லைக்கோட்டுக்கு அருகில் கால் முறிந்து விழுந்தன. இரண்டையும் காப்பாற்ற முடியவில்லை. பார்வையாளர் வரிசையில் குழந்தைகள் இருந்தார்கள். இத்தனைக்கும் 2022-லேயே நாட்டின் பெரும்பாலான மாநிலங்களுக்குப் பொதுவான பாதுகாப்பு விதிகள் வந்துவிட்டன. ஒரு பந்தயத்தில் சவுக்கடி ஆறுக்கு மேல் கூடாது. இது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று குதிரைகள் கடைசித் திருப்பத்தில் வந்தபோது நானும் எழுந்து நின்று கத்தினேன் என்பதையும் மறைக்க மாட்டேன்.

சரி, கேள்வி நேரத்தில் முதல் ஆளாக எழுந்து 'எவ்வளவு ஜெயித்தீர்கள்?' என்று கேட்கப்போகிறவர் இரண்டாம் வரிசையில் தயாராக உட்கார்ந்திருக்கிறார். இரண்டிரண்டு டாலராகக் கட்டினேன் ஐயா. நஷ்டம்தான். ஆனால் அங்கே ஒரு லெமனேடு விற்கிற விலையைப் பார்த்தால் அது நஷ்டமே இல்லை.