குழந்தை இல்லாத குடில்

வணக்கம் மக்களே. இன்று டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. பின்னால் மிக்சி ஓடுகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா பச்சரிசி அரைக்கிறார். எதற்கு என்று அப்புறம் காட்டுகிறேன்.

போன வீடியோவில் எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் குடிலைக் காட்டினேன் அல்லவா? பார்த்தவர்கள் நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: மாதா இருக்கிறார், சூசையப்பர் இருக்கிறார், ஆடு மாடு எல்லாம் இருக்கிறது, குழந்தை இயேசுவை மட்டும் காணோமே, மறந்துவிட்டீர்களா? மறக்கவில்லை. 24ஆம் தேதி நள்ளிரவு வரைக்கும் அந்தத் தீவனத் தொட்டி காலியாகத்தான் இருக்கும். எங்கள் ஆச்சி போட்ட சட்டம் அது. பிறக்காத பிள்ளையைப் படுக்க வைப்பாயா என்று கேட்பார்.

நாங்கள் இருப்பது நாகர்கோவில் பக்கம். எங்களுக்கு டிசம்பர் பிறப்பதே திருவிழாவில்தான். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3ஆம் தேதி முடியும். அன்று குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அந்தத் திருவிழா முடிவதற்குள்ளேயே திருவருகைக் காலம் வந்துவிடும். கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள், கணக்கு அவ்வளவுதான். கிறிஸ்மஸ் எந்தக் கிழமையில் வருகிறதோ அதைப் பொறுத்து இந்தக் காலம் 22 நாளாகவும் சுருங்கும், 28 நாளாகவும் நீளும். இந்த வருடம் நவம்பர் 30இல் தொடங்கியதால் 25 நாள்.

கடைவீதிக்குப் போனால் நவம்பர் பாதியிலேயே ஸ்டார் தொங்குகிறது, பாட்டு ஓடுகிறது. கோயிலுக்குள் போனால் நிலைமை வேறு. சாமியார் ஊதா உடுப்பில் வருவார். ஞாயிறு பூசையில் வானவர் கீதம் கிடையாது. அதை எடுத்து வைத்திருந்து, கிறிஸ்மஸ் நள்ளிரவுப் பூசையில் மணியெல்லாம் அடித்துப் பாடும்போது உடம்பு சிலிர்க்கும். இந்த நாட்களில் எங்கள் ஊரில் கல்யாணமும் வைக்க மாட்டார்கள். அதனால் ஜனவரியில் மண்டபம் கிடைப்பது பெரும்பாடு. ஆச்சி தலைமுறைக்கு இது பாவசங்கீர்த்தனக் காலம், அதாவது செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் காலம். இப்போது அதை ஒப்புரவு என்கிறார்கள். பெயர் மாறியும் வரிசையின் நீளம் குறையவில்லை.

சரி, இதைப் பாருங்கள். திருவருகை வளையம். பழைய சுளவின், அதாவது முறத்தின், விளிம்பை வெட்டி, சவுக்குக் கிளையைச் சுற்றியிருக்கிறேன். மெழுகுவத்தி ஊதா மூன்று, ரோஸ் ஒன்று. வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற வேண்டும். இன்று மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு, ரோஸ் மெழுகுவத்தியின் முறை. கடையில் அந்த நிறம் கிடைக்கவில்லை. பெரிய புத்திசாலி மாதிரி வெள்ளை மெழுகுவத்தியில் ரோஸ் தாளைச் சுற்றினேன். செபம் பாதி போவதற்குள் தாள் பற்றிக்கொண்டது. அண்ணன் மகன் கை தட்டினான். மகிழ்ச்சி ஞாயிறுதானே!

இந்த வளையம் நம் ஊர் வழக்கம் இல்லை. கத்தோலிக்கர் தொடங்கியதும் இல்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் யோகான் ஹின்ரிச் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். கிறிஸ்மஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்ததால், 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை நட்டார் என்பார்கள். ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாளுக்குச் சின்னச் சிவப்பு. நாள் எண்ணத் தெரியாத பிள்ளையும் மீதியைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். எனக்கு இதில் பிடித்ததே அந்த நச்சரிப்புதான். எங்கள் வீட்டிலும் ஒருவன் இருக்கிறானே!

அவனுக்காக ஆச்சி வைத்திருக்கும் ஏற்பாடு வேறு. ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் துண்டைத் தொட்டியில் போடலாம். பாலன் பிறக்கும்போது மெத்தை எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது அவன் கையில். இதோ, தொட்டி நிரம்பி வழிகிறது பாருங்கள். இவன் அவ்வளவு நல்லவன் இல்லை. பல் தேய்த்ததற்கெல்லாம் ஒன்று போட்டிருக்கிறான்.

குடிலைச் சுற்றிப் புல்லுக்கு, சிரட்டையில் கேழ்வரகு முளைக்கப் போட்டிருந்தேன். விரல் உயரம் வளர்ந்ததும் வெயில் படட்டும் என்று முற்றத்தில் வைத்தேன். கோழி வந்து மொத்தத்தையும் கொத்திவிட்டது. நேற்று மறுபடி போட்டிருக்கிறேன். எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள் சேர்ந்த குழுவில், குடில் போட்டி இருக்கிறது, பார்வையிட வருபவர்களிடம் கோழிமேல் பழி போட முடியாது.

வாருங்கள், அடுப்படிக்குப் போவோம். இதுதான் முந்திரிக்கொத்து. வெளியூர் ஆட்கள் முதலில் தேடுவது இதில் முந்திரிப்பருப்பைத்தான். கிடையாது! எங்கள் பக்கத்துப் பழைய பேச்சில் முந்திரி என்றால் திராட்சை. மலையாளத்தில் இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் சொல்லும் முந்திரிப்பருப்பு எங்களுக்கு அண்டிப்பருப்பு. ஆக இது திராட்சைக் குலை.

சிறுபயறை மணம் வரும்வரை வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்துத் திரிக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுக்க வேண்டும். இங்கே சோம்பல் பட்டால் நான்காம் நாள் சிக்கு வாடை வந்துவிடும். எள், ஏலம், சுக்கு சேர்த்துக் கருப்பட்டிப் பாகை ஊற்றி, கை பொறுக்கிற சூட்டிலேயே நெல்லிக்காய் அளவுக்கு உருட்ட வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். என் உள்ளங்கை சிவந்திருப்பது தெரிகிறதா? உருண்டைகளை ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் மஞ்சள் போட்ட பச்சரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டவைத்து எண்ணெயில் விட வேண்டும். மிக்சி ஓடியது அந்த மாவுக்குத்தான். பதமாகச் செய்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். முதல் கொத்து எண்ணெயில் பிரிந்துவிட்டது, அதை நான் சாப்பிட்டுவிட்டேன். மற்றதெல்லாம் தகர டின்னில் போய்விடும். டின்னும் 24 வரை திறக்கக் கூடாது. பிறகு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தட்டு போகும். தீபாவளிக்கு அவர்கள் தந்த தட்டைச் சும்மா திருப்பிக் கொடுக்க முடியாது இல்லையா?

இப்போது உண்மையைச் சொல்கிறேன். குழந்தையைக் காணோம் என்றீர்களே, நிஜமாகவே காணோம். பாலன் சுரூபத்தைத் துணியில் சுற்றி ஒளித்து வைப்பது வருடா வருடம் ஆச்சியின் வேலை. பிள்ளைகள் எடுத்துவிடக் கூடாதாம். இந்த வருடம் எங்கே வைத்தார் என்பது அவருக்கே நினைவில்லை. அரிசிப் பானை, மரப்பெட்டி, அலமாரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடையில் வேறு ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார் அம்மா. ஆச்சியோ, "இன்னும் பத்து நாள் இருக்கு மக்களே, வரும்" என்கிறார். அவர் எனக்கு மக்களே என்பதும் நான் உங்களுக்கு மக்களே என்பதும் ஒன்றில்லை, அது எங்கள் ஊர்ச் செல்லம்.

இருங்கள், நாய் குரைக்கிறது. டிரம் சத்தம் கேட்கிறதா? கேரல் பாட வருகிறார்கள், நம் தெருவுக்கு இன்று என்றார்கள். இருபது பேராவது இருப்பார்கள், கருப்பட்டிக் காப்பி போட வேண்டும். கேமராவை அணைக்கிறேன். டேய், அந்த டின்னைத் தொடாதே!