பந்து தொடாத நேரத்தில் ஹாரி கேன்

வணக்கம்.

2026 கால்பந்து உலகக் கோப்பை நெருங்குகிறது, இங்கிலாந்தின் ஸ்ட்ரைக்கர், அதாவது முன்வரிசையில் நின்று கோல் அடிக்கிறவர், ஹாரி கேன் எத்தனை கோல் அடிப்பார் என்று பேசுங்கள் என நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஐந்து என்றோ ஏழு என்றோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விடலாம். தப்பாகப் போனால் யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியே எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பின்வரிசையில் ஆடியவன். பெரிய அளவில் ஒன்றுமில்லை, சின்ன அணிகளில்தான். ஸ்ட்ரைக்கர்களின் முதுகைப் பார்த்தே என் ஆட்ட நாட்கள் போயின. ஒரு தடவை எதிரணி ஸ்ட்ரைக்கரைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது. ஆள் ஓடவே இல்லை. நடந்தார். சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டார். லைன்ஸ்மேனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அப்புறம் மெல்ல மெல்ல நடுக்களம் வரை இறங்கினார். நானும் நிழல் மாதிரி பின்னாலேயே போனேன். அரை மணி நேரத்தில் அவர் பந்தைத் தொட்டது நாலு தடவை இருக்கும். ஆளை மடக்கிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அடுத்த தடவை இறங்கி வந்தபோது, வந்த பந்தை நிறுத்தக்கூட இல்லை. திரும்பிப் பார்க்காமலே எனக்குப் பின்பக்கம் தட்டிவிட்டார். நான் விட்டுவிட்டு வந்த இடத்தில் அவர்களுடைய விங் ஆட்டக்காரர் ஓடிக்கொண்டிருந்தார். கோல். எங்கள் கோல்கீப்பர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்போது சொல்லும்போதும் காது சூடாகிறது.

கணக்கில் விங் ஆட்டக்காரர் பெயர்தான் ஏறியது. அந்தக் கோல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

கேன் செய்வது இதைத்தான், ஆனால் உலகத்திலேயே உயர்ந்த மட்டத்தில் செய்கிறார். 2020 செப்டம்பரில், அவர் அப்போது ஆடிய டாட்டன்ஹாம் அணி சவுத்தாம்டன் மைதானத்துக்குப் போய் 5-2 என்று ஜெயித்தது. கூட ஆடிய சன் ஹ்யூங் மின் 4 கோல். நாலுக்கும் பாஸ் கொடுத்தவர் கேன். ஐந்தாவதை அவரே அடித்துக்கொண்டார். அன்றைக்கு சவுத்தாம்டன் பின்வரிசை கோலை விட்டு ரொம்ப முன்னால் ஏறி நின்றது. கேன் இறங்கி வருவார், சன் தாண்டி ஓடுவார், பந்து போய்ச் சேரும். ஒரு தடவை ஏமாந்தால் சரி, நாலு தடவையா என்று கேட்பீர்கள். ஏமாறத்தான் செய்வார்கள். இறங்குகிற ஆளோடு போனால் பின்னால் ஓட்டை. போகாமல் நின்றால் அவர் திரும்பி நின்று, நிதானமாக எடைபோட்டு, பாஸ் கொடுப்பார். அந்தப் பருவம் முடிந்தபோது இங்கிலாந்தின் மேல்மட்ட லீக்கான பிரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவரும் அவர், 23. கோலுக்கு அதிக பாஸ் கொடுத்தவரும் அவர், 14.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேன் இறங்கி வருவது பாதி வேலை. யாராவது தாண்டி ஓடினால்தான் மீதிப் பாதி நடக்கும்.

அவர் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பையனாக இருந்தபோது ஆர்சனல் கிளப் சேர்த்துக்கொண்டு, ஒரு வருடத்தில் போய் வா என்று அனுப்பிவிட்டது. டாட்டன்ஹாம் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு உடனே ஆடவைத்தார்களா என்றால் இல்லை. லேடன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நாலு கிளப்புக்கு இரவல் கொடுத்தார்கள். லெஸ்டரில் ஜேமி வார்டியும் இவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடிய இரண்டு ஸ்ட்ரைக்கர்கள், இரண்டாம் டிவிஷன் கிளப்பின் பெஞ்சில். அதைப் பார்த்தால் தேர்வாளர்கள் மேல் இருக்கிற மரியாதை கொஞ்சம் குறையும். அப்புறம் 2015 மார்ச்சில் லிதுவேனியாவுக்கு எதிராக இங்கிலாந்துக்கு முதல் ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து, இரண்டு நிமிடம் ஆவதற்குள் கோல். 2025 நவம்பர் வரை இங்கிலாந்துக்காக 78 கோல். அந்த நாட்டில் யாரும் அவ்வளவு அடித்ததில்லை.

சரி, பெரிய போட்டிகளுக்கு வருவோம். இங்கேதான் கோல் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது.

2018, ரஷ்யா. 6 கோல், தங்கக் காலணி. கேட்க நன்றாக இருக்கிறது. பிரித்துப் பாருங்கள். துனிசியாவுக்கு 2, பனாமாவுக்கு 3, கொலம்பியாவுக்கு 1. ஆறில் மூன்று பெனால்டி. பனாமா ஆட்டத்தில் ஒன்று, கூட ஆடியவர் அடித்த பந்து இவர் குதிகாலில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. அதற்கப்புறம் ஸ்வீடன், குரோவேஷியா, பெல்ஜியம், மூன்று ஆட்டத்திலும் ஒன்றுமில்லை. கோப்பையில் அதிக கோல் அடித்தவர், கடைசியில் காலை இழுத்துக்கொண்டு நின்றார்.

2022, கத்தார். முதல் சுற்றின் மூன்று ஆட்டத்திலும் கேன் கோல் அடிக்கவில்லை. என்ன ஆயிற்று இவருக்கு என்று கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதே மூன்று ஆட்டத்தில் மூன்று கோலுக்குப் பாஸ் கொடுத்தார். ஸ்டெர்லிங், ராஷ்ஃபோர்ட், ஃபோடன், மூவரும் தாண்டி ஓடி வந்து அடித்தார்கள். என்னைக் கேட்டால் 2018 கேனை விட இந்தக் கேன்தான் நல்ல ஆட்டக்காரர்.

2024 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பை, ஜெர்மனி. மறுபடியும் அதிக கோல் அடித்தவர்களில் ஒருவர். 3 கோல் அடித்து ஐந்து பேரோடு அந்த இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதுகு வலியோடு பருவத்தை முடித்துவிட்டு வந்த உடம்பு அது. நெதர்லாந்துக்கு எதிரான அரையிறுதியில் அவரை வெளியே எடுத்து வாட்கின்ஸை இறக்கினார்கள். பத்து நிமிடத்தில் வாட்கின்ஸ் ஜெயிக்கிற கோலை அடித்தார். ஸ்பெயினுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 61-ஆவது நிமிடத்திலேயே கேன் வெளியே. அந்த அணியில் பெல்லிங்ஹாமும் ஃபோடனும் முன்னால் ஓடாமல், நின்ற இடத்தில் காலுக்குப் பந்து கேட்கிற ஆட்கள். கேனும் இறங்கி வந்து காலுக்குத்தான் கேட்டார். மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றால் தாண்டி ஓட யார் இருக்கிறார்கள்?

நான் முன்பே சொன்னேன், மீதிப் பாதி வேலை என்று. அதுதான்.

அதனால் இந்தத் தடவை நான் பார்ப்பது கோல் எண்ணிக்கையை அல்ல. அவருக்கு இரண்டு பக்கமும் யார் ஆடுகிறார்கள், எவ்வளவு களைப்பில்லாத கால்களோடு அவர் போய் இறங்குகிறார், இந்த இரண்டுதான். கால்கள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. 2023-இல் ஜெர்மன் கிளப் பயர்ன் மியூனிக் போன பிறகு அவருக்கு வருடத்துக்கு லீக் ஆட்டம் 34. இங்கிலாந்தில் 38. ஜெர்மனியில் குளிர்கால இடைவேளை வேறு. அங்கே போய் முதல் பருவத்திலேயே லீக்கில் 36 கோல். 104-ஆவது ஆட்டத்தில் பயர்னுக்காக 100-ஆவது கோல். (2025-இல் ஒருவழியாக வாழ்க்கையின் முதல் பெரிய கோப்பையும் வந்தது. அது உறுதியான நாளில் பயர்னுக்கு ஆட்டமே கிடையாது, போட்டியில் இருந்த வேறு அணி டிரா செய்ததால் வந்தது. இவ்வளவு வருடம் காத்திருந்த மனிதருக்கு அதுவும் இப்படித்தான் வந்து சேர்ந்தது பாருங்கள்.) பயர்னில் முதல் வருடம் பயிற்சியாளராக இருந்த தாமஸ் டூகெல்தான் இப்போது இங்கிலாந்துக்கும் பயிற்சியாளர். இவர் உடம்பு எப்போது தாங்கும், எப்போது தாங்காது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

ஆனால் வயது இருக்கிறது. இறுதி ஆட்டம் ஜூலை 19. அதற்கு ஒன்பது நாள் கழித்து கேனுக்கு 33 முடிகிறது. 48 அணிகள் ஆடுவதால் இந்தத் தடவை கோப்பையைத் தொட 8 ஆட்டம் ஆட வேண்டும், முன்பு 7 தான். எட்டையும் முழுசாக ஆடவிட்டால் 2024 கதைதான் திரும்பும் என்பது என் பயம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிடமாம். பெனால்டி பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியாது. ஒன்றே ஒன்று மட்டும். பிரான்ஸுக்கு எதிராகக் கத்தாரில் 84-ஆவது நிமிடத்தில் பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்தாரே, எதிரே நின்றவர் லோரிஸ், வருடக்கணக்காகக் கூடவே பயிற்சி செய்த டாட்டன்ஹாம் கோல்கீப்பர். அதே லோரிஸை அதே ஆட்டத்தில் அரை மணி நேரம் முன்புதான் பெனால்டியில் தோற்கடித்திருந்தார். மூன்று மாதம் கழித்து நேப்பிள்ஸில் இத்தாலிக்கு எதிராக இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் என்ற ரூனியின் சாதனையைத் தாண்டிய கோலும் பெனால்டிதான். பயப்படுகிற ஆள் இல்லை.

மாற்று ஸ்ட்ரைக்கர்களைப் பற்றிச் சொல்லவே நேரமில்லை.

இங்கிலாந்தின் முதல் ஆட்டம் ஜூன் 17, டல்லஸ் பக்கத்தில், குரோவேஷியாவோடு. பிரிவின் கடைசி ஆட்டம் பனாமாவோடு. 2018-இல் கேனுக்கு மூன்று கோல் கொடுத்த அணியும், ஒன்றுகூடக் கொடுக்காத அணியும் ஒரே பிரிவில். குரோவேஷியா ஆட்டத்தில் முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிடுங்கள், கேனை மட்டும் பாருங்கள். அவர் இறங்கி வரும்போது அவரைத் தாண்டி யாராவது ஓடுகிறார்களா என்று பாருங்கள். யாரும் ஓடவில்லை என்றால் அப்போதே எனக்கு ஒரு

சரி, மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.