ஏழு கோல் வாங்கிய அந்தக் கீப்பருக்காக

வணக்கம். காலை ஆறு மணி ஆகப்போகிறது. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தின் ஓரத்தில் நின்று பேசுகிறேன். பின்னால் கேட்பது ரயில் சத்தம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஜீவா நிலையத்தைத் தாண்டியதும் அடங்கிவிடும்.

கேமராவைத் திருப்புகிறேன். அதோ தெரிகிறதே, அந்தக் கோல் கம்பத்தைப் பாருங்கள். வலை இல்லை, போட்டி நாளில் மட்டும்தான் கட்டுவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் நின்றான். பையன்களுக்கான நாக்அவுட் போட்டியில் அரையிறுதி ஆட்டம். அவனுடைய அணி ஏழுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்றது.

தோற்றதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. நாக்அவுட் என்றால் யாராவது ஒருவர் வெளியே போகத்தான் வேண்டும். ஐந்தாவது கோல் விழுந்த பிறகு அவன் முகத்தை மட்டும் நெருக்கமாகப் படம் பிடித்து, அதற்கு ஒரு பாட்டைச் சேர்த்து, "இதோ நம்ம ஊர் பிரேசில், ஏழு" என்று எழுதி யாரோ அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை விடிவதற்குள் எருக்கஞ்சேரியிலிருந்து புளியந்தோப்பு வரைக்கும் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அது வந்துவிட்டது. பையன் அன்றிலிருந்து பயிற்சிக்கு வரவில்லை. அவன் பெயரைச் சொல்ல மாட்டேன், முகத்தையும் காட்ட மாட்டேன். அந்தக் காணொளி உங்கள் கைபேசியில் இருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டு முடிப்பதற்கு முன்பே அழித்துவிடுங்கள்.

நானும் எட்டு வருடம் கீப்பராக நின்றவள். இதே மண்ணில்தான் விழுந்து எழுந்தேன். அதனால்தான் இன்றைக்கு வழக்கமான கடை, சாப்பாடு எதையும் படம் பிடிக்காமல் இங்கே வந்து நிற்கிறேன்.

பிரேசில், ஏழு என்று எழுதியவருக்கு அந்த ராத்திரியைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு நிமிடமும் நினைவிருக்கிறது. 2014 உலகக் கோப்பையின் அரையிறுதி, பிரேசிலும் ஜெர்மனியும். பிரேசிலில் ஜூலை 8 மாலை ஐந்து மணி, நமக்கு 9-ஆம் தேதி அதிகாலை ஒன்றரை. எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் தெருவில் இந்தப் பக்க மாடியிலிருந்து அந்தப் பக்க மாடிக்கு மஞ்சள், பச்சைத் தோரணம். ஒரு வீட்டுச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் படம் ஓடியது. அப்பா துறைமுகத்தில் ராத்திரி ஷிஃப்டை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அம்மா ஒரு குண்டான் நிறையச் சுண்டல் வைத்திருந்தார். ஆயிரம் வாலா சரவெடி ஒன்று பிரிக்கப்படாமல் காத்திருந்தது.

நெய்மாருக்குக் கால் இறுதியில் முதுகில் அடிபட்டுவிட்டது. தடுப்பாட்டத்தின் தூண் தியாகோ சில்வாவுக்கு மஞ்சள் அட்டைகளால் தடை. ஆனாலும் பயம் இல்லை. தேசிய கீதத்தின்போது டேவிட் லூயிஸும் கீப்பர் ஜூலியோ சீசரும் நெய்மாரின் பத்தாம் எண் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தெருவே எழுந்து நின்றது.

11-வது நிமிடத்தில் கார்னர். ஜெர்மனியின் முல்லரை ஒருவரும் பிடிக்கவில்லை, ஒன்று. பரவாயில்லை என்றார் அப்பா. பிறகு 23, 24, 26, 29. இந்த நான்கு எண்களையும் எங்கள் தெருவில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். குளோசே, குரூஸ், மறுபடியும் குரூஸ், கெதிரா. ஆறு நிமிடத்தில் நான்கு கோல்.

கேலி செய்கிறவர்கள் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இரண்டாவது கோலை மறுபடி பாருங்கள். குளோசே அடித்த முதல் அடியை ஜூலியோ சீசர் தடுத்துவிட்டார். பந்து திரும்பி மறுபடியும் குளோசேயின் காலுக்கே போனது. அங்கே ஒரு ஸ்டாப்பர், அதாவது கீப்பருக்கு முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரர், நின்றிருந்தால் அது கோலே இல்லை. குரூஸின் இரண்டு கோல்களுக்கும் நடுவே 69 விநாடிகள்தான். நடுவட்டத்தில் பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்கிய உடனே ஃபெர்னாண்டினோவிடமிருந்து பந்தைப் பறித்துவிட்டார்கள். கீப்பர் கையுறையைச் சரிசெய்துகொள்வதற்குள் இரண்டு பேர் பந்தோடு எதிரே வந்துவிட்டார்கள். அந்த இடத்தில் நின்று பாருங்கள். வலதுபக்கம் சாய்ந்தால் இடதுபக்கம் கொடுப்பான், இடதுபக்கம் சாய்ந்தால் அவனே அடிப்பான். உலகத்தில் எந்தக் கீப்பருக்கும் அங்கே வேலை இல்லை.

பெரிய கணக்கில் தோற்பது இப்படித்தான் நடக்கிறது. ஒரு கோல் வாங்கிய அணி உடனே அதைத் திருப்பிவிட வேண்டும் என்று மொத்தமாக மேலே ஏறுகிறது. ஸ்டாப்பர்கூட நடுக்கோட்டுக்குப் போய்விடுகிறான். பின்னால் இருபது, முப்பது கஜம் வெறும் தரை. பந்து ஒருமுறை பறிபோனால் எதிரணிக்கு நேர் பாதை. இரண்டாவது விழுந்ததும் இன்னும் மேலே ஏறுகிறார்கள், அந்தத் தரை இன்னும் அகலமாகிறது. அன்றைக்குக் கோலை நோக்கி அதிகம் அடித்தது பிரேசில்தான். பிரேசில் 18 முறை, ஜெர்மனி 14 முறை. ஏழு கோல் வாங்கிய அணி சும்மா நிற்கவில்லை, கடைசி வரை முட்டி மோதியது. போன ஞாயிற்றுக்கிழமையும் இங்கே அதேதான் நடந்தது. நான் ஆட்டத்தை முழுவதும் பார்த்தேன். முதல் இருபது நிமிடத்தில் அந்தப் பையன் மூன்று நல்ல அடிகளைத் தடுத்தான். ஒன்றை விரல் நுனியால் கம்பத்துக்கு வெளியே தள்ளினான். அதை எந்தக் கைபேசியும் எடுக்கவில்லை.

சரி, தெருவுக்குத் திரும்புகிறேன். ஐந்தாவது கோலுக்குப் பிறகு சத்தமே இல்லை. எங்களுக்கு அடுத்த தெரு முழுக்க அர்ஜென்டினா ரசிகர்கள். முதல் இரண்டு கோலுக்கு அவர்கள் போட்ட சத்தம் எங்கள் காதில் விழுந்தது, விசில், தகரத்தில் தாளம் எல்லாம். ஐந்துக்குப் பிறகு அங்கேயும் அமைதி. இடைவேளையில் அந்தத் தெருப் பையன்கள் ஐந்தாறு பேர், நீலமும் வெள்ளையும் போட்ட சட்டையோடு, தயங்கித் தயங்கி வந்து எங்கள் கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா அவர்களுக்கும் சுண்டலைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். இந்த ஊரில் கால்பந்து ரசிகர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று என்னிடம் கேட்டால் நான் அந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

மூன்று மணிக்குக் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற அக்காமார்கள் அந்தத் தெரு வழியாகத்தான் போவார்கள். அன்றைக்கு ஒரு வயதான அம்மா அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றுவிட்டார். ஷூர்லே அடித்த ஏழாவது கோல் அப்போதுதான் விழுந்திருந்தது. எத்தனை என்று கேட்டார். ஏழு என்றோம். திரையில் ஜூலியோ சீசரின் முகம் வந்தது. "இந்தப் பிள்ளையைப் பெற்றவள் எங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளோ" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த அம்மாவுக்குப் பிரேசில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. அவர் ஒருவர்தான் அன்றைக்குக் கீப்பரைப் பற்றிப் பேசினார்.

அதே ஜூலியோ சீசர் பத்து நாளைக்கு முன்னால் சிலிக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டு பெனால்டி அடிகளைத் தடுத்து நாட்டைக் காப்பாற்றியவர்.

பிரேசிலுக்கு இது பழைய காயம். 1950-இல் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். இரண்டாவது கோலை விட்ட கீப்பர் பார்போசாவை அந்த நாடு சாகும்வரை மன்னிக்கவில்லை. பிரேசிலில் அதிகபட்சத் தண்டனையே முப்பது வருடம்தான், நான் ஐம்பது வருடமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் வருந்தினார். 2000-இல் இறந்துபோனார். அவர் விட்டது ஏழு கோல்கூட இல்லை, இரண்டு. பதினைந்து வயதுப் பையனின் முகத்துக்குப் பாட்டுப் போட்டவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும்.

2014 அரையிறுதி நடந்த பெலோ ஹொரிசாண்டே மைதானத்தில் அன்றைக்கு இருந்த பிரேசில் ரசிகர்களையும் பாருங்கள். அழுதார்கள், சொந்த அணியின் ஃப்ரெட்டைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சலை நான் ஏற்க மாட்டேன். ஆனால் ஷூர்லேயின் அந்த ஏழாவது கோலுக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள். பந்து மேல் கம்பத்தின் அடியில் பட்டு உள்ளே போனது, அவ்வளவு அழகான அடி. தங்களைத் தோற்கடித்த அடிக்குக் கை தட்ட எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! ஜெர்மனி வீரர்களும் இடைவேளையில் கூடிப் பேசி, இவர்களை அவமானப்படுத்துவதுபோல் எதுவும் செய்யக் கூடாது, வித்தை காட்டக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். ஹும்மெல்ஸ் பிறகு அதைச் சொன்னார்.

கடைசி நிமிடத்தில் ஆஸ்கர் ஒரு கோல் அடித்தார். ஏழுக்கு ஒன்று. எங்கள் தெருவில் அந்த ஒன்றுக்குக் கை தட்டினோம், அர்ஜென்டினா பையன்களும் சேர்ந்து. சரவெடியை ஒரு அண்ணன் பழைய செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார்.

நாங்கள் பெரிதாக ஜெயித்த ராத்திரியும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 13, நேரு விளையாட்டரங்கம். இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) நம்ம சென்னையின் எஃப்.சி.க்கும் கோவா அணிக்கும் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். கோவாவில் முதல் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்திருந்தது. ஜீவா நிலையத்தில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி நடந்தே போனோம். 26-வது நிமிடத்தில் ஜெஜே. மூன்றே நிமிடம் கழித்து தனபால் கணேஷ். எங்கள் வியாசர்பாடிப் பிள்ளை! இந்த மண்ணில் ஓடிய கால்கள் அரையிறுதியில் கோல் அடித்ததைக் கண்ணால் பார்த்தேன். என் பக்கத்தில் நின்றவர் யாரென்றே தெரியாது, இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். கடைசியில் ஜெஜே இன்னொன்றும் அடித்து மூன்றுக்குப் பூஜ்யம். அடுத்து பெங்களூரில் இறுதி ஆட்டத்தையும் வென்று சென்னையின் எஃப்.சி. இரண்டாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

அன்றைக்குத் திரும்பும்போது சென்ட்ரலில் கோவாவின் ஆரஞ்சுச் சட்டையோடு இரண்டு பையன்கள் தனியாக நின்றிருந்தார்கள். என் தோழி போய்த் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்தாள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஏதோ கத்தத் தொடங்கினார், அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அதே கோவாவோடு அதே அரையிறுதி. 2020 பிப்ரவரி 29-இல் இங்கே நான்குக்கு ஒன்று என்று ஜெயித்தோம். முடிந்தது கதை என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு வாரத்தில் கோவாவில் நான்கு வாங்கினோம். நாங்கள் இரண்டு அடித்ததால் மொத்தக் கணக்கில் ஆறுக்கு ஐந்து என்று தப்பித்தோம். 83-வது நிமிடத்தில் அவர்களுடைய நான்காவது விழுந்த பிறகு இன்னும் ஒன்று விழுந்தால் மொத்தக் கணக்கு சமன். அந்தக் கடைசி நிமிடங்களில் நான் கைபேசித் திரையைப் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டேன். மூன்று கோல் வித்தியாசம் எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சூரியன் மேலே வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள், அதோ மஞ்சள் சட்டை போட்டு ஓடி வருகிறாளே, அவளும் கீப்பர்தான். ஒன்பது வயது.

நேற்று மாலை அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். பேசமாட்டேன் என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். நான் வாசலில் உட்கார்ந்து அவன் அம்மாவோடு டீ குடித்தேன். புறப்படும்போது, அக்கா, அந்த மூன்றாவது அடியைத் தடுத்தேனே, நீங்கள் பார்த்தீர்களா என்று உள்ளே இருந்தே கேட்டான். பார்த்தேன் தம்பி, இடது கை விரல் நுனி, கார்னர் ஆனது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருக்கிறது என்றான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆட்டம், இதே மைதானம். வலை கட்ட ஆறரைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் வருகிறேன். அந்தக் காணொளியை அனுப்பியவரும் வரலாம், அவரை நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கோலுக்குப் பின்னால் நில்லுங்கள், அவன் பக்கம். கைபேசியைப் பையில் வைத்துவிடுங்கள். கை தட்ட இரண்டு கையும் வேண்டும்.