மெதுவான கூட்டுப் பாடல்: காலப்பிரமாணம், சுருதி, பாவம்

[திரையில்: இசைத்தாளின் முதல் பக்கம். மேலே 'அடாஜியோ' (மெதுவாக) என்ற குறிப்பு]

வணக்கம். பாடகர் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும்: வேகமான பாட்டைவிட மெதுவான பாட்டில்தான் சுருதி இறங்கும். ஏன் இறங்குகிறது, காலப்பிரமாணத்தை, அதாவது பாடும் வேகத்தை, எப்படி முடிவு செய்வது? மோட்சார்ட்டின் 'ஆவே வேரும் கோர்புஸ்' என்ற லத்தீன் தேவாலயப் பாட்டை வைத்துப் பார்ப்போம்.

1791 ஜூன் 17 தேதியிட்ட பாட்டு இது. வியன்னாவுக்கு அருகே பாடன் ஊரில் தேவாலயக் குழுவை நடத்திய ஆன்டன் ஷ்டோலுக்காக எழுதியது. நான்கு குரல், தந்தி வாத்தியங்கள், ஆர்கன். மொத்தமே 46 பார் (தாளக் கட்டம்).

[திரையில்: 46 × 4 = 184]

பாருக்கு நான்கு கால் நோட்டு என்றால் 184 எண்ணிக்கை. தட்டு எண்ணும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்தால் 3 நிமிடம் 4 விநாடியில் முடியும். 52 என்றால் 3 நிமிடம் 32 விநாடி. 44-க்கு இறக்கினால் நான்கு நிமிடத்தைத் தாண்டிவிடும். நாலு பார் நீளமுள்ள ஒரு வரி 60-இல் 16 விநாடி. 44-இல் கிட்டத்தட்ட 22 விநாடி. பயிற்சி இல்லாத குரலுக்கு அந்த ஆறு விநாடி பெரிய பாரம். மூச்சு தீரும்போது முதலில் போவது சுருதிதான்.

அடாஜியோ என்றால் முடிந்தவரை இழுப்பது என்று அர்த்தமில்லை. தாளக் குறியைப் பாருங்கள்: 'சி' எழுத்தை ஒரு கோடு குறுக்கே வெட்டுகிறது. பாருக்கு இரண்டே அடி. நாலாக எண்ணினால் ஒவ்வொரு நோட்டிலும் ஓர் அழுத்தம் விழுந்து வரி துண்டு துண்டாகிவிடும். மெட்ரோனோம் 60-இல் ஓடட்டும், ஒன்று விட்டு ஒரு தட்டுக்குக் கை போடுங்கள். எங்கள் கணிப்பில் 56 முதல் 62 வரை நல்ல இடம்.

[திரையில்: பெண்கள் குரலின் முதல் இரண்டு பார்]

இனி சுருதி. பாட்டு டி மேஜர். நம் கணக்கில் இரண்டு கட்டை, ஸ்வரங்கள் சங்கராபரணம். சொப்ரானோ (பெண்களின் மேல் குரல்) பஞ்சமத்தில் தொடங்குகிறார்கள். இரண்டாவது 'ஆவே'யில்தான் கண்ணி இருக்கிறது: பஞ்சமம், பிரதி மத்திமம், சுத்த மத்திமம் என்று அரை அரை ஸ்வரமாக இறங்க வேண்டும். பெரும்பாலோர் முதல் படியிலேயே அதிகம் இறங்கிவிடுவார்கள். பிரதி மத்திமம் தாழ்ந்தால் சுத்த மத்திமம் அதற்கும் கீழே போகும். மற்ற மூன்று குரல்களான ஆல்டோ, டெனர், பேஸ் மூவரும் அதற்குத் தக்கபடி ஒத்துப்போய்விடுவதால் குழுவுக்குள் யாருக்கும் தெரியாது. நடுவில் வாத்தியங்கள் தனியாக வாசிக்கும் இடம் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்.

திருத்த வழி இது. தம்புரா ஆப்பை இரண்டு கட்டையில் ஓடவிடுங்கள். வார்த்தை வேண்டாம், வாயை மூடி 'ம்' என்று அந்த மூன்று ஸ்வரத்தை மட்டும், ஒவ்வொன்றுக்கும் நாலு எண்ணிக்கை கொடுத்துப் பாடுங்கள். பிரதி மத்திமத்தைப் பஞ்சமத்தோடு ஒட்டியே வையுங்கள். பிறகு 'ஆவே' சேருங்கள்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்குத் தனியாக ஒன்று: இங்கே கமகம் கூடாது. பழக்கத்தில் மத்திமம் தானாக அசையும். நான்கு குரலும் ஒரே கணத்தில் சேர்ந்து ஒலிக்கிற இசையில் ஒரு குரல் அசைந்தாலும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கலங்கிவிடும். நேராகப் பிடியுங்கள்.

'கூயுஸ் லாதுஸ்' வரியில் பாட்டின் உணர்வு (பாவம்) மாறுகிறது. இயேசுவின் விலாவில் ஈட்டியால் குத்திய நிகழ்வைச் சொல்லும் இடம். அந்தர காந்தாரம் போய் சாதாரண காந்தாரம் வருகிறது. பாட்டு எஃப் மேஜர் பக்கம், நாலு கட்டைக்கு நகர்ந்துவிடுகிறது. நிறம் மாறும் வேலையை அந்த காந்தாரமே செய்கிறது. நீங்கள் சத்தத்தைக் கூட்டவோ வேகத்தைக் குறைக்கவோ வேண்டாம். தொடக்கத்தில் மோட்சார்ட் எழுதியது 'சோட்டோ வோச்சே', அதாவது குரலைத் தாழ்த்தி. இதைச் சோகமாகப் பாடு என்று எடுத்துக்கொள்பவர்கள் குரலோடு மூச்சையும் தளர்த்திவிடுகிறார்கள். மெல்லிய குரலுக்குத்தான் வயிற்றிலிருந்து அதிகத் தாங்கல் வேண்டும்.

'எஸ்தோ நோபிஸ்' வரும்போது பெண்கள் முன்னே போக, ஆண்கள் பின்தொடர்வார்கள். பின்னால் வருபவர்கள் முன்னவர்களைக் கேட்டுக்கொண்டே பாடினால் வேகம் இழுபடும். காதை விட்டு, குழுவை நடத்துபவரின் கையைப் பாருங்கள்.

[திரையில்: நான்கு பேர், வெவ்வேறு இடத்தில் மூச்சுக் குறி]

மூச்சைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர் எடுக்கும் இடத்தில் நீங்கள் எடுக்காதீர்கள். வார்த்தை முடிவில் எல்லாரும் எடுத்தால் ஓட்டை விழும். நீண்ட உயிரொலியின் நடுவே விட்டு, மெல்ல மீண்டும் நுழையுங்கள். யார் எங்கே என்று பென்சிலால் இசைத்தாளிலேயே குறித்துவிடுங்கள்.

கடைசியாக, பாடும் இடம். சமூக மன்ற அறையில் தரைவிரிப்பும் ஏர்கானும் இருக்கும். ஒலி உடனே செத்துவிடும், தொண்டையும் காய்ந்துவிடும். அங்கே 60-க்குக் கீழே போகாதீர்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். சிங்கப்பூர் எஸ்பிளனேட் கச்சேரி அரங்கில் ஒலி நீடிப்பதற்கென்றே சுற்றிலும் தனி அறைகள் கட்டியிருக்கிறார்கள். அவற்றின் கதவுகள் திறந்திருந்தால் ஒரு கார்டின் வால் அடுத்ததன் மேல் விழும். அங்கே 56 போதும். வரி முடிவில் வரும் 'ஸ்' ஒலியை மட்டும் குழுவில் ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்கள் உயிரொலியோடு நிறுத்திவிடலாம்.