உங்கள் மணியும் என் மணியும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மேசைமேல் இருப்பது சாதாரணச் சுவர்க் கடிகாரம். முகத்தைப் பார்த்தே பழகிவிட்டதால் இதன் முதுகை யாரும் கவனிப்பதில்லை. திருப்பிக் காட்டுகிறேன். நடுவில் ஐந்தரை சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. பழுதுபார்ப்பவர்கள் இதை ‘மெஷின்’ என்பார்கள். அதில் ஒரு பென்சில் செல், நேரம் வைக்க ஒரு சின்னக் குமிழ். இந்தக் குமிழை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைத் திருகும் கை யாருடையது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் மெஷினைத் திறந்துவிடுவோம். உள்ளே மூன்று மில்லிமீட்டர் தடிமனும் எட்டு மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஓர் உலோகக் குழல். அதற்குள் கவைபோல வெட்டிய குவார்ட்ஸ் படிகத் துண்டு. மின்சாரம் பட்டால் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த எண்? ஒன்றை இரட்டித்துக்கொண்டே போனால் பதினைந்தாவது தடவை வருவது 32,768. ஆகவே மெஷினில் உள்ள மின்னணுச் சில்லு அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். அந்தத் துடிப்பு ஒரு கம்பிச்சுருளுக்குப் போகிறது. சுருள் நொடிக்கு நொடி திசை மாறிக் காந்தமாகி, சின்னக் காந்தச் சக்கரம் ஒன்றை அரைச் சுற்று தள்ளுகிறது. அந்த வேகத்தை முப்பதில் ஒன்றாகக் குறைத்தால் நொடி முள். அதை அறுபதில் ஒன்றாக்கினால் நிமிட முள். அதையும் பன்னிரண்டில் ஒன்றாக்கினால் மணி முள். மெஷின் இவ்வளவுதான்.

செல் தீரும் காலத்தில் நொடி முள் பெரும்பாலும் ஒன்பதுக்கு அருகில் நின்று நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முள்ளைத் தூக்கியாக வேண்டும். ஒன்பதில் அது படுக்கையாக நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கேதான் சுமை அதிகம். வலுவிழந்த துடிப்பால் காந்தச் சக்கரத்தை அரைச் சுற்று தள்ள முடியாமல் அது பழைய இடத்துக்கே சரிகிறது. அடுத்த நொடித் துடிப்பு எதிர்த் திசையில் வருவதால் சக்கரம் இருந்த இடத்திலேயே சிலிர்த்து அடங்கும். ஒரு தடவை தவறினால் இரண்டு நொடி போச்சு. செல் வலுவிழந்ததும் கடிகாரம் ‘மெதுவாக ஓடுகிறது’ என்கிறோமே, படிகம் அநேகமாகப் பழைய வேகத்தில்தான் அதிர்ந்துகொண்டிருக்கும். முள்தான் படி தவறுகிறது.

தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டுவிடுவது பெரிய தவறு. அல்கலைன் செல்லிலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, தகட்டின்மேல் வெள்ளைப் பொருக்காகப் படியும். வெறுங்கையால் தொடக் கூடாது. பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்துத் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகே புதுச் செல் போட வேண்டும். கடிகாரத்தை வெயில் படும் சுவரில் மாட்டாமல் இருப்பதும் நல்லது. இந்தப் படிகம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டது. அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் வேகம் குறையும். 45 டிகிரியில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு நொடி பின்தங்கும். கைக்கடிகாரம் உடம்புச் சூட்டில் ஒரே சீராக இருப்பதால் இந்தத் தொல்லை அதற்குக் குறைவு.

எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் இதுபோன்ற கடிகாரம் மாதத்துக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் தவறலாம். நம் வாழ்க்கைக்கு அது தாராளமாகப் போதும். உங்கள் கடிகாரமும் என் கடிகாரமும் ஒத்துப்போகாதபோதுதான் வம்பு. துல்லியத்தைவிட நாம் வேண்டுவது ஒப்புதலை என்று நான் நினைக்கிறேன்.

ரயில் வரும்வரை ஊருக்கு ஒரு மணி இருந்தது. சூரியன் உச்சிக்கு வந்தால் பன்னிரண்டு. பூமி ஒரு டிகிரி சுழல நான்கு நிமிடம் ஆவதால், மேற்கே போகப் போக உச்சிப்பொழுது தள்ளிப்போகும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மணி லண்டனுக்குப் பத்து நிமிடம் பின்னால். குதிரை வண்டியில் போகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840 நவம்பரில் தன் நிலையங்களில் எல்லாம் லண்டன் நேரத்தையே வைத்தது. ஊர்க்காரர்கள் உடனே இறங்கிவரவில்லை. பிரிஸ்டலின் கார்ன் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முள்கள் ஓடுகின்றன, ஒன்று ஊருக்கு, இன்னொன்று ரயிலுக்கு. பிரிட்டனில், லண்டனின் கிரீன்விச் வானாய்வகத்து நேரமே சட்டப்படியான நேரம் என்று ஆனது 1880-ல்தான். அமெரிக்க ரயில் கம்பெனிகள் அரசுக்குக் காத்திராமல் 1883 நவம்பர் 18 அன்று தாங்களே நேர மண்டலங்களைக் கொண்டுவந்தன. பல ஊர்களில் அன்று கடிகாரம் இரண்டு முறை பன்னிரண்டு அடித்தது. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி கிரீன்விச்சை உலகத் தீர்க்கரேகைகளின் தொடக்கக் கோடாக ஏற்றன. வாக்கெடுப்பில் ஒதுங்கி நின்ற பிரான்ஸ் இறங்கிவர 1911 ஆயிற்று.

ஒரே நேரம் என்று முடிவு செய்தாயிற்று. அதை வீடுவரை கொண்டுபோவது எப்படி? லண்டனில் ஒரு குடும்பம் நேரத்தை விற்றே பிழைத்தது. கிரீன்விச் வானாய்வகத்தில் வேலை பார்த்த ஜான் ஹென்றி பெல்வில் 1836-ல் இதைத் தொடங்கினார். அவருக்குப் பின் மனைவி, அவருக்குப் பின் மகள் ரூத். ரூத் பெல்வில் வானாய்வகத்துக்குப் போய்த் தன் பைக் கடிகாரத்தைச் சரிபார்த்துச் சான்று வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளர்களின் வாசலுக்கே போய்க் காட்டுவார். அவர்கள் தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். தந்தியும் வானொலியும் வந்த பிறகும், 1936-ல் லண்டனில் தொலைபேசியே மணி சொல்லத் தொடங்கிய பிறகும், அவர் 1940 வரை நடந்தார். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. குமிழைத் திருகியது வாடிக்கையாளரின் கைதான்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 19ஆம் நூற்றாண்டு ஆலைகளில் முதலாளி காலையில் கடிகாரத்தை முன்னால் தள்ளுகிறார், மாலையில் பின்னால் இழுக்கிறார் என்ற புகார் திரும்பத் திரும்ப எழுந்தது. தொழிலாளி சொந்தக் கடிகாரத்தோடு வந்தால் மேலாளருக்கு ஆகாது. இரண்டு கடிகாரம் இருந்தால் ஒப்பிட்டுவிடலாமே! பிறகு அமெரிக்க நகை வணிகர் வில்லார்ட் பண்டி 1888-ல் உருவாக்கிய வருகைப்பதிவுக் கடிகாரம் வந்தது. ஆளுக்கொரு எண் சாவி. திருகினால் நேரம் தாளில் அச்சாகும். தாளில் விழுந்த நேரத்தோடு யார் வாதாடுவது? தாமதம் என்ற சொல்லுக்கு நிமிடக் கணக்கு வந்ததும், அது ஆளின் குணக்குறையாகப் பார்க்கப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். கடிகாரத்தைச் சந்தேகிக்கும் உரிமை மெல்லக் கைநழுவியது.

சுவரில் செருகிய பிளக்கிலிருந்தே நேரம் எடுக்கும் கடிகாரங்களும் உண்டு. மின் அடுப்பு, ரேடியோ அலாரம் போன்றவற்றில் பலவற்றுக்குள் படிகம் நேரத்தை எண்ணுவதில்லை. மாறுமின்சாரத்தின் அலைகளையே எண்ணி, ஐம்பது அலை போனால் ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளும். மலிவான, நல்ல யோசனை. ஆனால் 2018 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம்வரை ஐரோப்பாக் கண்டத்தின் பெரும்பகுதியில் இந்தக் கடிகாரங்கள் பின்தங்கின, ஏறக்குறைய ஆறு நிமிடம். செர்பியா, கொசோவோ இடையிலான தகராறில், எடுத்த அளவுக்கு மின்சாரம் திரும்பி வலையமைப்புக்குள் வரவில்லை. சுமை கூடினால் ஜெனரேட்டர்கள் சற்றே தளரும். 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் சராசரி 49.996 ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பன்னிரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு குறைவு. ஐம்பது நாளுக்கு 72,000 நிமிடம். வகுத்தால் ஐந்தே முக்கால் நிமிடம். எந்தக் கடிகாரமும் பழுதாகவில்லை. எல்லாம் சேர்ந்தே பின்தங்கியதால் அடுத்த வீட்டு அடுப்போடு ஒப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாது. கைப்பேசியோடு ஒப்பிட்டபோதுதான் வெளிப்பட்டது.

இனி அந்தக் கைப்பேசி. அதற்குள்ளும் இதே குவார்ட்ஸ் படிகம்தான். ஆனால் அதன் குமிழ் நம் கையில் இல்லை. செல்பேசிக் கோபுரமோ இணையத்தில் இருக்கும் நேரச் சர்வரோ அதைத் திருகுகிறது. இணையம் வழியாக நேரம் கேட்கும் முறையை 1985-ல் வகுத்தவர் டேவிட் மில்ஸ். அதன் சூட்சுமம் எளிது. உங்கள் கருவி தன் மணி சரியாகப் பத்து என்னும்போது கேள்வியை அனுப்புகிறது. சர்வர் ‘எனக்கு இது பத்து மணி 2.05 நொடிக்கு வந்தது’ என்று உடனே பதில் தருகிறது. பதில் வந்து சேரும்போது கருவியின் மணி பத்தும் 0.10 நொடியும். போகவர 0.10 ஆனது, ஒருவழிக்குப் பாதி 0.05. அப்படியானால் இந்தக் கணம் உண்மையில் பத்து மணி 2.10 நொடி, கருவி சரியாக 2 நொடி பின்தங்கியிருக்கிறது. போகும் வழிக்கும் வரும் வழிக்கும் ஒரே நேரம் ஆகும் என்பதுதான் இதில் உள்ள நம்பிக்கை. போக 0.08, வர 0.02 என்று கோணலானால் 0.03 நொடி பிழை தங்கிவிடும்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? கைப்பேசி மற்றக் கருவிகளோடு ஓயாமல் பேசுகிறது. ஒவ்வொரு பேச்சிலும் நேரம் சாட்சி. பாதுகாப்பான இணையதளத்தின் சான்றிதழில் தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கும். உங்கள் கருவியின் தேதி அந்த இடைவெளிக்கு வெளியே போனால், நல்ல தளத்தையும் ‘பாதுகாப்பற்றது’ என்று தடுத்துவிடும். உள்நுழைவுக்காக முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கக் குறியீட்டைக் காட்டும் செயலிகளில், உங்கள் போனும் சர்வரும் அந்த நேரத்தில் ஒன்றுக்கொன்று பேசுவதே இல்லை. இரண்டும் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை முப்பது நொடிகள் கடந்தன என்று தனித்தனியே எண்ணி, முன்பே பகிர்ந்துகொண்ட ரகசியத்தோடு கலந்து, ஒரே எண்ணுக்கு வருகின்றன. போன் இரண்டு நிமிடம் முன்னே ஓடினால் எண் ஒத்துப்போகாது. நாமோ கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்போம், செயலியை அழித்துப் போடுவோம். கடிகாரத்தைச் சந்தேகிக்கத் தோன்றாது.

இங்கே ஒரு பழைய பழக்கம் இடறுகிறது. தாமதமாகக் கூடாது என்று சுவர்க் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னே வைப்பது பலருடைய வழக்கம். அதில் ஒரு கேடும் இல்லை. அதே வேலையைப் போனில் செய்தால், குறியீடு ஏற்காது, செய்திகள் வரிசை குலையும். விளையாட்டில் கூடுதல் வாய்ப்புக்காகக் குழந்தைகள் தேதியை நாளைக்குத் தள்ளிவைப்பதும் இப்படித்தான். போன் காரணமின்றி அடம்பிடித்தால் முதலில் அமைப்புகளில் ‘தானியங்கி நேரம்’, ‘தானியங்கி நேர மண்டலம்’ இரண்டும் இயக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். மேசைக் கணினி ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கிப் போட்டதும் பழைய ஆண்டுக்கே திரும்பினால், உள்ளே மின்சுற்றுப் பலகையில் இருக்கும் CR2032 என்ற 3 வோல்ட் பொத்தான் செல் தீர்ந்திருக்கும். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, செல்லைப் பிடித்திருக்கும் கொக்கியை நெம்பி, எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி புதியதை வைத்தால் போதும்.

ஜிபிஎஸ் விஷயத்தில் நேரமே தூரம். செயற்கைக்கோள் சிக்னல் வந்துசேர ஆன நேரத்தை வைத்தே தூரம் கணக்கிடப்படுகிறது. சிக்னல் ஒளிவேகத்தில் வருவதால், ஒரு மைக்ரோநொடி, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிழைத்தால் 300 மீட்டர் தவறும். ஐன்ஸ்டைன் சொன்ன சார்பியல் விளைவால் செயற்கைக்கோள் கடிகாரங்கள் நாளுக்கு 38 மைக்ரோநொடி வேகமாக ஓடுவதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிசகும்.

இவ்வளவு ஒப்புதலுக்கும் சூரியன்தான் இப்போது இடைஞ்சல். 1967 முதல் ஒரு நொடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள். பூமியின் சுழற்சி அதற்குக் கட்டுப்படவில்லை. ஆகவே 1972-லிருந்து 2016 முடிய 27 தடவை உலக நேரத்தில் ஒரு நொடியைச் செருகினார்கள். மனிதருக்கு அது தெரியவே இல்லை. கணினிகளுக்குத்தான் தொல்லை: 2012 ஜூன் முடிவில் செருகிய நொடியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பல சர்வர்கள் திணறி, பெரிய இணையதளங்கள் சில முடங்கின. 2035-க்குள் இந்த வழக்கத்தை நிறுத்துவது என்று 2022-ல் உலக நாடுகள் முடிவு செய்தன. கருவிகளுக்குள் ஒப்புதல் கெடாமல் இருக்க, கடிகாரமும் சூரியனும் மெல்லப் பிரிந்துபோவதற்கு நாம் சம்மதித்துவிட்டோம்.

சரி, இந்தக் கடிகாரத்தை மூடிவிடுகிறேன். நொடி வரை பிசகாமல் மணி வைக்க ஒரு வழி உண்டு. நொடி முள் பன்னிரண்டைத் தொடும்போது செல்லை எடுத்திருக்கிறேன். குமிழைத் திருகி நிமிட முள்ளை இனி வரப்போகும் நிமிடத்துக்கு நகர்த்தியாயிற்று. செல் என் விரலில் இருக்கிறது. உங்கள் போனில் நிமிடம் மாறும்போது சொல்லுங்கள், செருகுகிறேன். எல்லோர் போனும் ஒரே கணத்தில் மாறுகிறதா என்று பக்கத்தில் இருப்பவரின் திரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.