இரண்டு முறை ஃபெயில் ஆனவனுக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்?

சரி, அடுத்த கேள்வி. கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஒரே பாடத்தில் இரண்டு தடவை ஃபெயில். சொந்தக்காரர்கள் வந்தால் அறையை விட்டு வெளியே வருவதில்லை. தன்னம்பிக்கையோடு இரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எங்கிருந்து வரும்?"

நியாயமான கேள்வி தம்பி. தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறவரிடம் போய் அதை மட்டும் சொல்லிவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடே கிடையாது.

கணித மேதை ராமானுஜனை உங்களுக்குத் தெரியும், அவர் கேம்பிரிட்ஜ் போனதும் தெரியும். அதற்கு முந்தைய வருடங்களைக் கொஞ்சம் பாருங்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர எதையும் படிக்காததால் ஆங்கிலத்தில் கோட்டைவிட்டார், உதவித்தொகை போயிற்று. வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அப்புறம் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், அங்கேயும் எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய அந்தக் காலத் தேர்வு) தேறவில்லை, 1907-இல் மறுபடி எழுதி மறுபடியும் தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை, 1909-இல் கல்யாணம் வேறு ஆகிவிட்டது. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதி வைப்பார்.

1910-இல் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போகிறார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர்தான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் அவரிடம் கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை, அவ்வளவுதான். நோட்டைப் புரட்டிய ஐயருக்கு இந்த ஆளை இங்கே உட்காரவைத்து வீணடிக்க மனம் வரவில்லை, சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்படி ஒவ்வொருவராகப் பார்த்து, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் முன்னால் போய் நின்றார். சவரம் செய்யாத முகம், கக்கத்தில் நைந்துபோன நோட்டு, கண்களில் மட்டும் ஒரு பளபளப்பு. ராவே பின்னால் எழுதிய விவரம் இது. காட்டிய கணக்கு அவருக்குப் புரியவில்லை, இன்னொரு நாள் வா என்று அனுப்பிவிட்டார். ராமானுஜன் மறுபடியும் போனார். இந்தத் தடவை ராவுக்குப் புரிகிற எளிய கணக்குகளில் தொடங்கி, படிப்படியாகக் கடினமானதற்குக் கூட்டிக்கொண்டு போனார். ராவ் அசந்துபோய், மாதாமாதம் பணம் கொடுத்து அவரைக் கொஞ்ச காலம் தாங்கினார்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான் தம்பி. எனக்குத் தெரிந்தது இவர்களுக்குப் புரியவில்லையே என்று கோபித்துக்கொண்டு அவர் வீட்டில் முடங்கவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகும், புரிகிற ஆளைத் தேடிக் கணக்கைக் காட்டுவதை அவர் விடவில்லை. இங்கிலாந்தில் இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதி உதவி கிடைக்கவில்லை என்றதும், 1913 ஜனவரியில் மூன்றாவதாகக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவர் அந்த ஹார்டிதான்.

மற்ற பாடங்களை அவர் விட்டதுபோல நீங்களும் விட்டுவிடாதீர்கள், அந்தப் பிடிவாதத்துக்கு அவர் கொடுத்த விலை அதிகம். அரியர் தேர்வுக்குப் பணம் கட்டிவிடுங்கள். அப்புறம், திருத்திய விடைத்தாளின் நகல் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு, அந்தப் பாடம் தெரிந்த ஒருவரிடம் போய், எங்கே தடுக்குகிறது என்று காட்டுங்கள். முதல் ஆள் கைவிரித்தால் அடுத்த ஆளிடம் போங்கள். நீங்கள் கேட்கிற நம்பிக்கை இப்படிப் போய்வருகிற போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும், வந்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருக்காதீர்கள். சொந்தக்காரர் கேட்டால், "திரும்ப எழுதப் போகிறேன்" என்று சொன்னால் போதும்.

இன்னொன்று. சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போகிற அளவுக்கு மனம் கனத்துக் கிடந்தால், தமிழ்நாட்டில் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் பேசுங்கள், அதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். எந்தப் பாடம் என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதி அனுப்புங்கள், அந்தப் பாடம் நடத்துகிற ஒருவரை அடுத்த வீடியோவுக்கு அழைத்து வருகிறேன்.